ரெட் பியரட்டும் ரணகள்ளி இலையும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தின் தக்கலை, குலசேகரம் பகுதிகளில் சிறுநீரகக் கல்லுக்கு மருந்தென்று ரணகள்ளியைத் தொட்டியில் வளர்க்கும் வீடுகள் உண்டு. அச்செடியை நாடி வரும் ரெட் பியரட் வண்ணத்துப்பூச்சியைக் கவனிக்கப் புதிதாகப் புறப்பட்டிருப்பவர்களிடம், ஒரு காலத்தில் எனக்கிருந்த பழக்கங்களையே காண்கிறேன். படம் மங்கலாவது போன்றவை தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேற்புறத்தை வேறு இனமாகப் பதிவது

சிறகை மூடி அமர்ந்தால் வெண்மையில் கரும்புள்ளிகளும் பின்சிறகின் ஓரத்தில் அகன்ற செம்மஞ்சள் பட்டையும் தெரியும். விரித்தால் உடலும் சிறகும் கறுத்து, பின்சிறகில் மட்டும் செம்மஞ்சள் திட்டு இருக்கும். இரண்டும் ஒரே பூச்சிதான். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு வண்ணத்துப்பூச்சியான காமன் பியரட்டுக்குச் செம்மஞ்சள் கிடையாது. அதன் புழு இலந்தையில் வளர்வது.

கொப்புளமிட்ட இலையைக் கிள்ளி எறிவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். முட்டையிலிருந்து வெளிவந்த புழு சதைப்பற்றுள்ள இலையைத் துளைத்து உள்ளே போய், மேல்தோலையும் கீழ்த்தோலையும் விட்டுவிட்டு இடையிலுள்ள சதையை மட்டும் தின்று வளர்வதால், இலை வெளுத்து, உப்பி, பார்ப்பவர் கண்ணுக்கு அழுகல் நோய் கண்டதுபோல் ஆகிவிடுகிறது. ஒரு பள்ளியில் மாணவர்கள் ஆசையாய் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் அமைத்திருந்தார்கள். மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று, பொறுப்பாசிரியர் அத்தகைய இலைகளையெல்லாம் பறித்து எரிக்கச் செய்து, மீதிக்குப் பூச்சிக்கொல்லியும் அடிக்கச் செய்தார். பிறகு அவரே என்னிடம், செடி செழிப்பாக இருந்தும் பூச்சி ஏன் வரவில்லை என்று கேட்டார். ஒரு தலைமுறையையே அடுப்பிலிட்டிருந்தார் என்பதை அவருக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்வதால் உண்மையான அழுகலும் வரக்கூடும். ஆகவே ஐயத்துக்குரிய இலையைக் கிள்ளாமலே வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே கரிய எச்சத் துணுக்குகளோ நெளியும் புழுவோ தெரிந்தால் அது நோயன்று. அழுகிய இலையோ கறுத்துக் குழைந்து நாறும். செடி போய்விடுமோ என்ற அச்சமும் வேண்டாம், ஏனெனில் கீழே விழுந்த இலையின் விளிம்பிலிருந்தே புதுக்கன்றுகளை முளைக்கவிடும் செடி அது. நர்சரியிலிருந்து வாங்குவதானால் மருந்து அடித்த செடியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்தென்றால் இலைக்குள் இருக்கும் புழுவும் தப்பாது.

ஒற்றை இலையோடு புழுவை எடுத்துப்போவது

ஓர் இலை தீர்ந்ததும் அடுத்ததற்கு மாறும் புழு அது, செடியிலேயே விடுங்கள்.

புழுவை மூடிய புட்டியில் வளர்ப்பது

பூஞ்சை பிடிக்கும்.

கூட்டுப்புழுவை இலைக்குள் தேடுவது

முற்றிய புழு வெளியே வந்து, பெரும்பாலும் இலையின் அடிப்புறத்திலோ தண்டிலோ பட்டிழையால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். வெளிர் நிறத்தில் கரும்புள்ளிகளும் மென்மயிரும் கொண்ட அதைப் பறவை எச்சமென்று துடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். தொட்டியை இடம் மாற்றுமுன், தண்ணீரைப் பீய்ச்சுமுன், இலைகளின் அடிப்புறத்தைப் பார்த்துவிடுங்கள்.