பிரேக் அழுத்தும்போது கார் நடுங்கினால்
மலேசியாவின் தாப்பா, பீடோர் வட்டாரத் தோட்டப்புறங்களில் வாழும் நம்மவர்களில் பலர், கேமரன் மலைக்குச் சென்று இறங்கிய பிறகு, பிரேக் அழுத்தும்போது கார் நடுங்குவதாகக் கூறுவதுண்டு. உடனே டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டை) மாற்றச் சொல்லாமல், நடுக்கம் எங்கே, எப்போது தோன்றுகிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

பிரேக்கைத் தொடாதபோதும் நடுக்கம் இருந்தால், டயரையும் சக்கர பேலன்ஸையும் சோதிக்க வேண்டும். பிரேக் அழுத்தும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க்குகளே காரணம்; ஸ்டியரிங் அசையாமல் இருக்கை அதிர்ந்தால் பின் பிரேக்கைப் பாருங்கள்.

டிஸ்க் உண்மையிலேயே வளைந்துபோவது அரிது. நீண்ட இறக்கத்தில் கடுமையாகச் சூடேறிய பிரேக்கை அழுத்தியபடியே காரை நிறுத்தி வைக்கும்போது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் படிவு டிஸ்க்கில் திட்டாக ஒட்டிக்கொள்வதாலும், ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதியில்) படிந்த துருவால் டிஸ்க் நேராக அமராமல் சீரற்றுத் தேய்வதாலும், அதன் தடிமன் இடத்துக்கிடம் மாறி நடுக்கத்தை உண்டாக்குகிறது. பல கார்களில் டிஸ்க் சுழலும்போது ஏற்படும் 0.05 மில்லிமீட்டர் பக்கவாட்டு ஆட்டமே நாளடைவில் இத்தகைய தேய்மானத்தை உண்டாக்கப் போதும் என்பதால், புதிய டிஸ்க் பொருத்தும் முன் ஹப்பைச் சுத்தம் செய்யும்படி பட்டறையில் வற்புறுத்துங்கள். இதைத் தவிர்த்தால் நடுக்கம் திரும்பி வரும். சக்கர நட்டுகளையும் குறுக்கு வரிசையில், டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளக்கும் கருவியால்) சமமாக முடுக்க வேண்டும்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காரென்றால், லோவர் ஆர்ம் புஷ்களின் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர் இணைப்புகளின்) தேய்மானம் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும்.

மழையில் திடீரென அழுத்தும்போது பெடல் படபடவென்று துடிப்பது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இயங்குவதன் அடையாளம். அப்போது காலை எடுத்துவிடாதீர்கள்.