விருதுப் பட்டயம் செய்வது எப்படி: முதலில் எழுத்து, கடைசியில்தான் பூ

1966-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய எஸ்.சி.ஏ. (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்) குழுவினர் இடைக்கால ஐரோப்பாவை உடை, வாள்சண்டை, விருந்து என்று வாழ்ந்து பார்ப்பவர்கள். அங்கே விருது வாங்குகிறவருக்கு உண்மையான பொக்கிஷம் கையால் எழுதி வரைந்த பட்டயம்தான். அப்படி ஒன்று செய்ய உட்கார்ந்தால் பலரும் நேராக ஓரத்துப் பூங்கொடியில் கை வைப்பார்கள். வேண்டாம். பிழை வருவது பெரும்பாலும் எழுத்தில்தான், நாள் கணக்கில் தீட்டிய கொடிக்கு நடுவே பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் மொத்தமும் போச்சு.

முதலில் வாசகம்: குழுவில் அரசர், அரசியாக இருப்பவர்களின் வாழ்த்து, யாருக்கு, எதற்காக, என்ன விருது, தேதி. குழுவின் ஆண்டுக்கணக்கு 1966 மே 1-ல் தொடங்குவதால் ஏப்ரல் பட்டயத்துக்கும் மே பட்டயத்துக்கும் ஆண்டு மாறிவிடும், கவனம். கீழே கையெழுத்துக்கும் முத்திரைக்கும் தாராளமாக இடம் விடுங்கள்.

தாள் வழவழப்பான ஹாட் பிரஸ் வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும், சொரசொரப்பில் நிப் மாட்டி மை தெறிக்கும். கோதிக் என்ற கோணம் கோணமான இடைக்கால எழுத்து என்றால் பட்டை முனை நிப்பின் அகலத்தைப்போல ஐந்து மடங்கு உயரத்துக்குக் கோடு போட்டு, பேனாவைச் சுமார் 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். கோடும் இடைவெளியும் வேலிக்கம்பி மாதிரி ஒரே சீராக வர வேண்டும். அதே நிப்பால் முழு வாசகத்தையும் வேறு தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்தால்தான் எத்தனை வரி பிடிக்கும் என்று தெரியும்.

மை காய்ந்த பிறகு தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு. வண்ணத்துக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்ணத்தில் இருக்கும் பசையிலும் ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தும். கம் அமோனியாக் என்ற பிசினைத் தூரிகையால் தடவிக் காயவிட்டு, அதன்மேல் வாயால் வெதுவெதுப்பாக ஊதுங்கள். ஈரம் பட்டதும் பிசுபிசுக்கும், உடனே ரேக்கை வைத்து மேலே வழவழப்பான தாள் ஒன்றைப் போட்டு விரலால் அழுத்துங்கள். மிச்சத்தை மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். கை நடுங்கினால் தங்க நிற வண்ணமே போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் கௌவாஷ் என்ற அடர்த்தியான நீர்வண்ணம்: முதலில் ஒரே நிறமாக நிரப்பல், மேலே நிழல், கறுப்பு ஓரக்கோடு, கடைசியாக வெள்ளையில் மெல்லிய கோடுகளும் புள்ளிகளும். இந்த வெள்ளைதான் படத்துக்கே உயிர் கொடுக்கும், அவசரப்படாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் பின்பக்கத்தில் பென்சிலால் உங்கள் பெயரை எழுதிவிட்டு, கையை விட்டுப் போகும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.