கடையில் மோக்கா, சுவரில் சாணி: வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் ஹாலுக்குச் சாயம் அடித்தோம். பேன்டோன் நிறுவனம் அந்த ஆண்டின் நிறமாக அறிவித்திருந்தது ‘மோக்கா மூஸ்’ என்ற காப்பிப் பழுப்பு. கைப்பேசியில் எந்த வீட்டைப் பார்த்தாலும் அதே பழுப்புச் சுவர், அதன் முன்னால் ஒரு மூங்கில் விளக்கு. நானும் அதற்கு நெருங்கிய ஒரு நிறத்தைக் கடை அட்டையில் தேடிப் பிடித்து, மூன்று சுவருக்கும் அடித்தாயிற்று. பட்டர்வொர்த்திலிருந்து வந்து இறங்கிய அம்மா, வாசலில் செருப்பைக் கழற்றியபடியே உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, சுவருக்கெல்லாம் சாணி மெழுகியிருக்கே?”

கோபம் வந்தது. ஆனால் டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. கடை அட்டையில் காப்பியாக இருந்தது எங்கள் சுவரில் சாணியாகத்தான் இருந்தது. அதைத் திருத்த எனக்கு ஆறு மாதம் ஆனது. இதற்கிடையில் “நீதான் பட்டுத் தெரிஞ்சவ” என்று சொந்தக்காரர்கள் சாயக் கடைக்கு என்னைத் துணைக்கு அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலுமாக ஏழெட்டு வீடு பார்த்தாயிற்று. எல்லா வீட்டிலும் காதில் விழுந்த பேச்சுகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

“இந்த வருஷ நிறம் இதுதானாம்”

பேன்டோன் ஓர் அமெரிக்க நிறுவனம். 2000ஆம் ஆண்டுக்கான நிறமாக செருலியன் என்ற வான்நீலத்தை அறிவித்ததிலிருந்து ஆண்டுதோறும் ஒரு நிறத்தைச் சொல்லிவருகிறது. அது சட்டைக்கும் கைப்பைக்கும் உதட்டுச் சாயத்துக்கும் பொட்டலக் காகிதத்துக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. 2023இல் விவா மெஜந்தா என்ற அடர்சிவப்பு, 2024இல் பீச் ஃபஸ் என்ற இளம் பீச், 2025இல் மோக்கா, 2026க்குக் கிளவுட் டான்சர் என்ற வெள்ளை. நான்கு ஆண்டுக்குள் எங்கிருந்து எங்கே போய்விட்டது பாருங்கள். நம் சுவரில் அடித்த சாயமோ ஐந்தாறு வருஷம் அசையாது. புது நிறத்தின் மேல் ஆசை வருவதில் தப்பில்லை, எனக்கும் வரும். அந்த ஆசையைத் திண்டு உறையிலோ திரைச்சீலையிலோ காட்டிக்கொள்ளலாம். பிடிக்காமல் போனால் உறையை மாற்ற ஒரு சாயங்காலம் போதும்.

“படத்தில் பார்த்தது மாதிரியே வேணும்”

எனக்குச் சறுக்கிய இடம் இதுதான்.

நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீட்டை நினைத்துப் பாருங்கள். அகலம் 20 அடி, நீளம் 65, 70 அடி. ஜன்னல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு பக்கமும் அண்டை வீட்டோடு ஒட்டிய சுவர். நடுவில் இருக்கும் சாப்பாட்டு மேசைக்குப் பட்டப்பகலிலும் லைட் போட வேண்டும். போதாக்குறைக்கு, காருக்கு வெயில் படாமலிருக்க முன்னால் பாலிகார்பனேட் கூரை. அது நீலமாகவோ பழுப்பாகவோ இருந்தால், ஹாலுக்குள் வரும் வெளிச்சமும் அந்தச் சாயலோடுதான் வரும். எங்கள் வீட்டுக் கூரை நீலம். நீல வெளிச்சம் பழுப்பின் மேல் விழுந்தால், அதிலிருக்கும் செம்மை செத்துப்போய் ஒரு பச்சை கலந்த சாம்பல் எட்டிப் பார்க்கும். அம்மாவின் கண் பார்த்தது அதைத்தான்.

நிற அட்டையின் பின்பக்கம் சில நிறுவனங்கள் எல்ஆர்வி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். விழும் வெளிச்சத்தில் எவ்வளவை அந்த நிறம் திருப்பி அனுப்பும் என்பதற்கான கணக்கு அது. சுத்தக் கறுப்பு 0, சுத்த வெள்ளை 100. நடுத்தரப் பழுப்பு பாதியைக்கூடத் திருப்பாது. ஏற்கெனவே இருட்டாக இருக்கும் ஹாலில், வந்த கொஞ்ச வெளிச்சத்தையும் என் மூன்று சுவர்களும் குடித்துவிட்டன. படத்தில் இருந்த வீட்டுக்குத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

இன்னொன்று. இணையத்தில் படிக்கும் குறிப்புகளில், வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த வெளிச்சம் வரும், தெற்குப் பார்த்த அறைக்கு வெயில் வரும் என்று எழுதியிருப்பார்கள். அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்தும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 3 பாகை வடக்கே, பினாங்கு 5 பாகை சொச்சம். இங்கே மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் இருக்கும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். அதனால் நாம் பார்க்க வேண்டியது கிழக்கும் மேற்கும்தான். மேற்குப் பார்த்த அறையில் மாலை ஐந்து மணி வெயில் ஆரஞ்சாக வந்து விழும். அங்கே பீச்சோ மாம்பழ மஞ்சளோ அடித்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். செந்தூலில் என் சின்னம்மா வீட்டுப் படுக்கையறை அப்படித்தான் ஆனது. பச்சை கலந்த வெளிர்சாம்பல் அடித்த பிறகுதான் அவரால் அந்த அறையில் மத்தியானம் தூங்க முடிந்தது.

இதெல்லாம் பகல் கதை. வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும்போது மணி ஏழைத் தாண்டிவிடும், பொழுதும் சாய்ந்துவிடும். அப்படியானால் உங்கள் சுவரை நீங்கள் அதிகம் பார்ப்பது விளக்கு வெளிச்சத்தில். பல வீடுகளில் இருப்பது ‘டேலைட்’ என்று விற்கும் 6500 கெல்வின் விளக்கு, நீலம் கலந்த வெள்ளை. கெல்வின் என்பது வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். படங்களில் வரும் வீடுகளில் பெரும்பாலும் 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு. என் சாணிச் சுவரை அரைவாசி காப்பாற்றியது சாயமே இல்லை. டேலைட் விளக்கைக் கழற்றிவிட்டு 3000 கெல்வின் பல்பு மாட்டினேன், அன்று இரவே அது காப்பிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. பல்பு பெட்டியில் சிஆர்ஐ 90க்கு மேல் என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. நிறங்களை உள்ளபடி காட்டும்.

ஆகவே, முழு டின் வாங்குவதற்கு முன் மிகச் சிறிய டின் ஒன்று கலந்து வாங்குங்கள். பழைய சுவரில் நேரடியாக அடித்துப் பார்க்காதீர்கள், பக்கத்திலிருக்கும் பழைய நிறம் கண்ணைக் குழப்பும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வெள்ளை மணிலா அட்டையில், ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ச் சாயம், ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி கருக்கும். காய்ந்ததும் அட்டையை ஹால், நடுப்பகுதி, மாடிப்படிச் சுவர் என்று ஒட்டி ஒட்டிப் பாருங்கள்: காலை எட்டு மணி, மழை இருட்டும் நாலு மணி, ராத்திரி விளக்கு. இரண்டு நாள் பிடிக்கும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

“முதல்ல சுவரை முடிச்சிடுவோம்”

ஒரு சாயக் கடையில் ஆயிரக்கணக்கான நிறம் கலக்கலாம். நமக்குப் பிடித்த, கைக்கு எட்டுகிற விலையில் உள்ள சோபாத் துணி ஐந்தாறுதான் இருக்கும். தரை ஓடு ஏற்கெனவே பதிந்தாயிற்று, யாரும் பெயர்க்கப் போவதில்லை. அப்படியிருக்க, சுவரை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை அதற்குத் தேடி அலைவது தலைகீழ் வேலை. 

குறிப்பாகத் தரை. நம் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் ‘கிரீம்’ ஓடு. அது கிரீம் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்தால் அது ரோஜாச் சாயலா மஞ்சள் சாயலா என்று தெரிந்துவிடும். ரோஜாச் சாயல் ஓட்டின் மேல் நீலம் கலந்த சாம்பல் சுவர் நின்றால் தரை அழுக்காகத் தெரியும், எத்தனை முறை துடைத்தாலும். மணிலா அட்டையைச் சுவரில் வைத்துப் பார்த்த கையோடு தரையிலும் கிடத்திப் பாருங்கள்.

“வெள்ளைன்னா வெள்ளைதானே”

இல்லை. நீலம், மஞ்சள், பச்சை, ரோஜா என்று ஒவ்வொரு சாயலோடும் வெள்ளை உண்டு, தனியாகப் பார்த்தால் தெரியாது. கடையில் நாலைந்து வெள்ளை அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் தெரியும். நீலச் சாயல் வெள்ளையும் 6500 கெல்வின் விளக்கும் சேர்ந்தால் கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கும் உணர்வு வரும். பேன்டோன் 2026க்கு வெள்ளையைச் சொன்னதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

சாமி மேடைக்குப் பின்சுவரில் மட்டும் வெள்ளை வேண்டாம். விளக்கு, சூடம், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் சேர்ந்து ஆறே மாதத்தில் ஒரு கரும்பட்டை விழும். அதிலும் மினுக்கமே இல்லாத மேட் சாயம் என்றால் துடைத்த இடமெல்லாம் பளபளத்து இன்னும் அசிங்கமாகும். கழுவக்கூடிய, லேசான மினுக்கமுள்ள சாயமாக, சந்தன நிறத்தில் அடியுங்கள்.

“பினாங்கு நீலம் மாதிரி”

ஜார்ஜ் டவுன் போய்வந்த ஒவ்வொருவரும் லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் சே மாளிகையின் முன் ஒரு படம் எடுத்திருப்பார்கள். பிறகு அந்த நீலம் வேண்டும் என்பார்கள். என் மச்சானும் கேட்டார், பிறை என்ற ஊரில் இருக்கும் வீட்டுக்கு. கடைக்காரர் நெருங்கிய நீலத்தைக் கலந்தும் கொடுத்தார். அடித்த பிறகு அது பிளாஸ்டிக் வாளி நிறத்தில் இருந்தது.

காரணம் இருக்கிறது. அந்த மாளிகையின் நீலம் சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசியது. இந்தியாவிலிருந்து வந்த நம் அவுரிச் செடியின் நீலம்தான். சுண்ணாம்புப் பூச்சு ஒரே சீராக இருக்காது. ஒரு இடத்தில் கருத்து, ஒரு இடத்தில் வெளிறி, மேகம் மாதிரிப் படியும். நம் கண் அதைத்தான் ஆழம் என்று எடுத்துக்கொள்கிறது. எமல்ஷன் நீலம் மூலைக்கு மூலை ஒன்றேபோல் இருக்கும். அதோடு அந்த மாளிகைக்கு 5 முற்றம், 220 ஜன்னல். மச்சான் வீட்டு ஹாலுக்கு ஒரு ஜன்னல், அதிலும் பாதி ஏர்கான் பெட்டி.

பத்துமலைப் படிக்கட்டும் இதே கதைதான். 2018இல் அந்த 272 படிகளுக்கும் வண்ணம் தீட்டியதிலிருந்து பிள்ளைகள் அறைக்கு அதேபோல் கேட்கிறவர்கள் உண்டு. திறந்த வெளியில், உச்சி வெயிலில், எட்ட நின்று பார்க்கும் நிறங்கள் அவை. பத்தடி அறையில் படுத்துக்கொண்டு பார்த்தால் கண் கூசும். ஒரு அலமாரியின் உட்பக்கம், ஒரு கதவு என்று அடித்தால் குழந்தைக்கும் சந்தோஷம், நமக்கும் தூக்கம் வரும்.

நிஜமாகவே ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் செங்கல் சுவர் சுண்ணாம்புப் பூச்சோடு மூச்சு விட்டுப் பழகியது. அதன் மேல் பிளாஸ்டிக் சாயத்தை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக உரியும். 

புது வீட்டுக்காரர்களும் ஈரத்தை மறைக்கச் சாயம் அடிக்காதீர்கள். உப்புப் பூத்த சுவரில் எந்த நிறம் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் உப்பு எட்டிப் பார்க்கும், குழாய்க் கசிவை முதலில் பாருங்கள். கொண்டோவில் பால்கனிச் சுவர் வெளியிலிருந்து தெரிந்தால், தொடுவதற்கு முன் நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.

“எனக்கு ஐடியாவே வரல”

சேலை அலமாரியைத் திறந்தால் போதும். வெங்காயச் சருகு, கத்திரிப்பூ, அரக்கு, கிளிப்பச்சை, மயில் கழுத்து. நம்மிடம் இல்லாத நிறமா? எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எவ்வளவு அகலம் என்பதையும் சேலைக்காரர்கள் நமக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். உடல் பெரிது, கரை சிறிது, முந்தியில் கொஞ்சம் ஆட்டம்.

ஆனால் பட்டுத் துணியைக் கடைக்கு எடுத்துப் போய், நிறம் அளக்கும் கருவியின் கீழ் வைத்து “இதே நிறம் கலந்து கொடுங்கண்ணே” என்று கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. மயில் கழுத்து ஒரே நிறம் கிடையாது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். துணி அசையும்போது நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரிவது அதனால்தான். கருவி இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு மங்கலை எடுத்துக் கொடுக்கும். நான் ஓரத்து நூலைப் பிரித்துப் பார்த்தேன். அம்மாவின் பழைய வெங்காயச் சருகுச் சேலையில் ஒரு நூல் சாம்பல் கலந்த ரோஜா, இன்னொன்று மங்கிய பொன். ரோஜாவை நன்றாக வெளிற வைத்துச் சுவருக்கு, பொன்னைத் திண்டு உறைக்கு. மோக்கா இப்போது புத்தக அலமாரிக்குப் பின்னால் மட்டும் இருக்கிறது, அங்கே அழகாகவே இருக்கிறது. அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பாராட்டு.

அப்புறம், மீந்த டின்னைத் தூக்கிப் போடும் முன் மூடியில் ஒட்டியிருக்கும் கலவை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். எந்த அறை, எந்தத் தேதி என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே எண்ணானாலும் வேறு நாளில் கலந்த டின் ஒரு நூலளவு மாறும். அதனால் ஒரு சுவரின் நடுவில் புது டின்னைத் திறக்காமல், முன்கூட்டியே எல்லா டின்னையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சாயம் அடிக்கும் அண்ணன் முணுமுணுப்பார். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள்.