மொட்டை மாடில ரேடியோ பேஸ் ஸ்டேஷன் போடுறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிறாதீங்க

மதுரைல ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசன்ஸ் எடுத்துட்டு வர்ற புதுப் பசங்கள பாக்கும்போது சந்தோஷமா இருக்கு, ஆனா ஒரு விஷயம் கவலையாவும் இருக்கு. ரேடியோ செட்டுக்கு எவ்வளவு வேணும்னாலும் செலவு பண்ணுவாங்க, எர்த்து, ஃபியூஸ், ஆன்டெனா பைப்ப இழுத்துக் கட்டுற ஸ்டே கம்பின்னு சொன்னா மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னுருவாங்க. உயிர் போற சமாச்சாரம் எல்லாம் அந்த அப்புறத்துலதான் இருக்கு, அதனால எந்தக் கம்பெனி செட்டு நல்லதுங்கிற பேச்சே இங்க எடுக்கல.

லைசன்ஸ் இன்னும் எடுக்கலைன்னா முதல்ல அத முடிங்க. 12 வயசு ஆகிருந்தா பரிட்சை எழுதலாம், மத்திய அரசோட சரள் சஞ்சார் போர்ட்டல்ல அப்ளை பண்ணலாம். ஆன்லைன்ல கிடைக்கிற சின்ன செட்டு எல்லா ஃப்ரீக்வென்சிலயும் போகும், அதுக்காக எல்லாத்துலயும் பேசலாம்னு இல்ல. ரெண்டு மீட்டர்னு சொல்ற பேண்டுல நமக்கு 144 டு 146 மெகாஹெர்ட்ஸ்தான், அதுக்குக் கீழ 118 டு 137 விமானத்துக்கு உள்ளது. பெருங்குடி பக்கம் ஏர்போர்ட் இருக்கிற ஊர்ல அதுல கை வைக்கவே கூடாது.

இப்ப மாடிக்கு வருவோம். மாஸ்ட், அதாவது ஆன்டெனாவ தாங்குற பைப்பு, எங்க நிக்கும்னு பாக்குறதுக்கு முன்னாடி அது எங்க விழும்னு பாருங்க. செல்லூர், ஜெய்ஹிந்துபுரம் மாதிரி நெருக்கமான தெருவுல மாடிச் சுவருக்குப் பக்கத்துலயே ஈபி லைன் போகும், ஆறு மீட்டர் பைப்பு எந்தப் பக்கம் சாஞ்சாலும் லைன்ல படுற மாதிரி இருந்தா அந்த எடம் வேண்டாம். மாஸ்ட் நீளம், ஆன்டெனா நீளம் ரெண்டையும் கூட்டி அதுக்கு மேல இன்னும் மூணு மீட்டராவது லைனுக்கும் மாஸ்ட்டுக்கும் நடுவுல இருக்கணும். மாடி விளிம்புல நிறுத்தினா அங்கருந்து கீழ தெருவுக்குப் போயி விழும்ங்கிறதையும் கணக்குல எடுத்துக்கங்க. ரொம்ப ஆபத்து பைப்ப தூக்கி நிறுத்துற அந்த ரெண்டு நிமிஷம்தான், கனமான பைப்பு ஒரு பக்கம் சாய ஆரம்பிச்சா கையால பிடிச்சு நிறுத்த முடியாது, பிடிக்கவும் கூடாது. வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயர்ல தோல் இருக்கேன்னு நம்பாதீங்க, வெயில்ல வெடிச்சுக் கெடக்கும். தனியா ஏறாதீங்க, காத்து அடிக்கிற நாள்ல ஏறவே ஏறாதீங்க.

தண்ணி டேங்க் குழாய்லயோ கைப்பிடிச் சுவத்துலயோ கட்டுக்கம்பி போட்டு மாஸ்ட்ட கட்டிட்டு அது போதும்னு விடுறது இன்னொரு தப்பு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல, தேனிப் பக்கத்துக் கம்பம் கணவா வழியா வர்ற காத்து இங்க வரைக்கும் அடிக்குது. மூணு பக்கம் சமமா ஸ்டே இழுத்து டர்ன்பக்கிள் (கம்பிய இறுக்குற திருகு) போட்டு முறுக்குங்க, வருஷத்துக்கு ஒரு தடவ ஆடிக்கு முன்னாடி துரு பாருங்க.

எர்த்து விஷயத்துலதான் நிறைய பேர் தப்புப் பண்றாங்க, அதுவும் நல்லது பண்றோம்னு நெனச்சு. வீட்டு ஈபி எர்த்து ஒரு மூலைல இருக்கும், இவங்க ஆன்டெனாவுக்குன்னு இன்னொரு மூலைல புதுசா ஒரு ராடு அடிச்சிட்டு ரெண்டையும் தனித்தனியா விட்டுருவாங்க. பக்கத்துல எங்கயாவது இடி விழுந்தா மண்ணுல பாயுற கரண்டால ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். ரெண்டையும் இணைக்கிற ஒரே வழி எது? உங்க செட்டு. ஒரு பக்கம் ஆன்டெனாவுல இருந்து வர்ற கோஆக்ஸ் கேபிள், மறுபக்கம் பவர் சப்ளையோட மூணு பின் ப்ளக், நடுவுல மைக்க கைல பிடிச்சிட்டு நீங்க. அதனால எத்தன எர்த்து இருந்தாலும் எல்லாத்தையும் தடிமனான காப்பர்லயோ ஜிஐ பட்டையிலயோ வெளியவே ஒண்ணா சேத்துரணும், கோஆக்ஸ் வீட்டுக்குள்ள நுழையிற எடத்துல இடி கரண்ட எர்த்துக்குத் திருப்புற அரெஸ்டர் வச்சு அதையும் அதே எர்த்துல சேக்கணும். தண்ணிக் குழாய்ல எர்த்து குடுக்கிறது அந்தக் காலம், இப்ப எல்லாம் பிவிசி, ஒண்ணும் போகாது. பைப்பு எர்த்துன்னா ரெண்டரை மீட்டர் நீளத்துக்கு 40 எம்எம் ஜிஐ பைப்பு போடணும், ரெண்டு அடி கம்பிய அடிச்சிட்டு எர்த்து போட்டாச்சுன்னு சொல்லக்கூடாது. சித்திரை வைகாசில மண்ணு காஞ்சு போச்சுன்னா எர்த்து வேல செய்யாது, அந்த மாசத்துலதான் நமக்கு கோடை இடியும் வரும், அதனால குழில அப்பப்ப தண்ணி ஊத்துங்க. என்ன எர்த்து போட்டிருந்தாலும் வானம் கருக்க ஆரம்பிச்சா கோஆக்ஸ கழட்டி வெளிய போட்டுருங்க, ப்ளக்கையும் பிடுங்கிருங்க. இடி கேட்டதுக்கு அப்புறம் கனெக்டர்ல கை வைக்காதீங்க.

கேபிள்ல மிச்சம் பிடிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த. 30 மீட்டர் ஆர்ஜி-58ங்கிற மெல்லிசு கோஆக்ஸ் போட்டா ரெண்டு மீட்டர் பேண்டுல உங்க பவர்ல பாதிக்கு மேல கேபிள்லயே சூடா போயிரும். அதவிட மோசம், திரும்பி வர்ற பவரையும் கேபிளே தின்னுருறதால மீட்டர்ல எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனால இருந்து பவர் எவ்வளவு திரும்புதுன்னு காட்டுற அளவு) நல்லா இருக்கிற மாதிரியே காட்டும், ஆன்டெனா கெட்டுக் கெடந்தாலும் தெரியாது. டிவிக்குப் போடுற ஆர்ஜி-6 வேற, அது 75 ஓம், நம்ம செட்டுக்கு 50 ஓம் கேபிள்தான் வேணும். வெளிய இருக்கிற கனெக்டர்ல சாதாரண இன்சுலேஷன் டேப்ப சுத்தாதீங்க, மதுரை வெயிலுக்கு அந்தப் பசை உருகி வழிஞ்சு டேப்பு கழண்டு தொங்கும், ஐப்பசி மழைல தண்ணி உள்ள எறங்கிரும். தன்னோட தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பு கிடைக்குது, அத இழுத்துச் சுத்துங்க. கேபிள் ஜன்னலுக்கு வர்றதுக்கு முன்னாடி கீழ ஒரு தொங்கல் விட்டு மேல ஏத்துங்க, தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிரும்.

பேட்டரி வைக்கிறவங்க ஃபியூஸ செட்டுப் பக்கத்துல மட்டும் வச்சிட்டு விட்டுருறாங்க. பேட்டரி டெர்மினல ஒட்டியே ஃபியூஸ் வேணும், இல்லைன்னா நடுவுல வயரு உரசி ஷார்ட் ஆச்சுன்னா தீதான். இன்வெர்ட்டர் பேட்டரிய கட்டிலுக்கு அடில வைக்காதீங்க, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். 100 வாட் செட்டு பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கும், 2.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல அஞ்சு மீட்டர் தள்ளி வச்சா போக வர சேத்து 1.4 வோல்ட் வழிலயே போயிரும், அதனால தடிச்ச வயரா போட்டு கிட்டத்துல வைங்க.

எல்லாம் மாட்டினதும் ஆன்டெனா இல்லாம ஒரு தடவகூட பிடிடி (மைக்ல பேச அமுக்குற பட்டன்) அமுக்காதீங்க. கம்மி பவர்ல எஸ்டபிள்யூஆர் பாத்து ஒண்ணரைக்குள்ள இருந்தா மட்டும் பவர ஏத்துங்க. துணி காயப் போடுற கொடிக்குப் பக்கத்துல டைபோல் (கம்பி ஆன்டெனா) முனை தொங்கக் கூடாது, பேசிட்டு இருக்கும்போது அதத் தொட்டா கை பொசுங்கும், வீட்டுல இருக்கிறவங்ககிட்ட இத முன்னாடியே சொல்லி வச்சிருங்க. அப்படியே பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் டிவில எதுவும் கோடு கோடா வருதான்னு ஒரு வார்த்த கேட்டுருங்க, வந்தா அவங்க டிவி வயர்ல ரேடியோ தொந்தரவத் தடுக்கிற ஃபெரைட் வளையம் மாட்டிப் பாக்கலாம்.