ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள் தொண்டு செய்யப் போகும்போது எங்கே தவறுகிறார்கள்?

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் நமக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நாம் சும்மா இருப்போம். ஏரி சுத்தம் செய்யும் குழு, முதியோர் இல்லம், விலங்குக் காப்பகம் என்று எங்கே கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை, வார நாளில் ஆளே இல்லை என்பார்கள். நம்மவர்களோ அதே ஞாயிற்றுக் கூட்டத்தில் போய் நிற்கிறார்கள். இதைவிடப் பெரிய வீணடிப்பு எனக்குத் தெரியவில்லை.

தொண்டையும் ஒரு பாடமாக நினைப்பதால் வருகிற கோளாறு இது. இந்த மாதம் முதியோர், அடுத்த மாதம் சுற்றுச்சூழல், அதற்கடுத்து விலங்குகள் என்று அட்டவணை போட்டுவிடுகிறோம். பையனிடம் ஒட்டிக்கொண்ட பாட்டி அடுத்த வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரே இடம், ஒரே கிழமை, சில மாதங்களாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன உடனே சான்றிதழ் கேட்காதீர்கள். "உங்களுக்கு என்றைக்கு ஆள் குறையும், என்ன வேலைக்கு?" என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் சுவாரசியமாக இருக்காது. வந்த பழைய துணிகளைப் பிரிக்க வேண்டும், கண் சரியாகத் தெரியாதவருக்குப் பேப்பர் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறதா என்று விசாரிக்கலாம். புத்தகம் அடுக்க ஆள் கிடைத்தால் நூலகர் வேண்டாம் என்று சொல்வது அபூர்வம்.

அப்புறம் வயது. சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் சேர்ந்து 1988-இல் தொடங்கிய ஆமை நடை இன்றும் நடக்கிறது. பங்குனி ஆமை முட்டையிட வரும் ஜனவரி முதல் மார்ச் வரை, நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியும்வரை மணலில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாப்பார்கள். ஆறு வயதுக் குழந்தையை அழைத்துப் போனால் பாதி வழியில் அது அப்பா தோளில் தூங்கும், தொண்டர்கள் உங்களைக் கவனிக்க வேண்டியிருக்கும். முட்டைகள் பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அதன்பின் மாலையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது சின்னவர்களைக் கூட்டிப் போங்கள். டார்ச், ஃபிளாஷ் வேண்டாம். வெளிச்சத்தை வைத்துத்தான் குஞ்சு கடல் பக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. நம் செல்போன் வெளிச்சம் அதைத் திசைதிருப்பிவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் தோதானது பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு. மொட்டைமாடியில் கால் மணி நேரம் நின்று எண்ணி, இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தால் போதும். பெயர் தெரியாத பறவைக்கு ஊகத்தில் பெயர் வைக்காதீர்கள். விட்டுவிடுவதே மேல்.

ஏரிக்கரையில் கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கும். கனமான கையுறையும் ஷூவும் இல்லாமல், டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி போட்டாயிற்றா என்று பார்க்காமல் பிள்ளைகளை இறக்காதீர்கள். சிறுவர்கள் மூட்டைகளை எண்ணி எழுதட்டும். நாய்க் காப்பகம் என்றால் போவதற்கு முன்பே மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நகக்கீறல் பட்டால்கூட உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைகள் இல்லத்தில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போடுவது வெறும் நாகரிகக் குறைவு மட்டுமல்ல. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. சிறைத் தண்டனைகூட உண்டு.

வார நாளில் போனால் "எந்த ஸ்கூல் தம்பி, இன்னைக்கு லீவா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். பிள்ளையே ஒரு வரியில் சொல்லட்டும். சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும் இடத்தில் பள்ளிக் கல்வியின் குறைகளைப் பற்றி அம்மா சொற்பொழிவைத் தொடங்கினால் சாம்பார் ஆறிப்போகும்.

நிறுத்துவதாக இருந்தாலும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வீட்டில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் எழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளித் (NIOS) தேர்வுகள் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் வரும் என்பது நமக்கு முன்பே தெரிந்ததுதான். வர முடியாது என்பதை ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால் அவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.