ஏபிஆர்எஸ்: இருப்பிடம் அறிவிப்போரும் ஐகேட் நடத்துவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருப்பிடத்தையும் குறுஞ்செய்திகளையும் வானலை வழியே இலக்கத் தகவலாக அனுப்பும் ஏபிஆர்எஸ் முறையைப் பாப் புருனிங்கா 1992இல் ஹாம்களுக்கு, அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கு, அறிமுகப்படுத்தியபோது, ஒரு வட்டாரத்தில் அப்போது நடப்பதை அங்குள்ள எல்லோரும் ஒரே அலைவரிசையில் அறிந்துகொள்வதே அதன் நோக்கமாக இருந்தது. அதை வெறும் வண்டித் தடம் காட்டும் கருவியாக எண்ணுவதை அவர் கடைசிவரை மறுத்துவந்தார். இந்த நோக்கத்தை மறப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஆயத்தொலைவு. ஏபிஆர்எஸ்ஸின் வழக்கமான வடிவம் பாகையையும் தசம நிமிடத்தையும் கேட்கிறது. கைப்பேசி வரைபடமோ தசமப் பாகையைத் தருகிறது. சென்னையின் அகலாங்கு 13.0827 பாகை என்றால், புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியை 60ஆல் பெருக்கி 1304.96N (13 பாகை, 04.96 நிமிடம் வடக்கு) என்று எழுத வேண்டும். அப்படியே இலக்கங்களை நகர்த்தி 1308.27N என்று எழுதிவிட்டால், நிலையம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வடக்கே தள்ளிப்போய்விடும். பிழை சிறியதாக இருப்பதால் பல மாதங்கள்கூட யார் கண்ணிலும் படாது என்பதே இதிலுள்ள சங்கடம்.

ஒருவருடைய பல நிலையங்களைப் பிரித்தறிய அழைப்புக்குறியின் (ஹாமின் அடையாளப் பெயர்) பின்னால் சேர்ப்பது எஸ்எஸ்ஐடி எண். வீட்டு நிலையத்துக்கும் காருக்கும் ஒரே எஸ்எஸ்ஐடி எண்ணை வைத்தால், வரைபடத்தில் ஒரே நிலையம் இரண்டு இடங்களுக்கிடையே தாவிக்கொண்டே இருக்கும். காருக்கு 9, வானலையையும் இணையத்தையும் இணைக்கும் நிலையமான ஐகேட்டுக்கு 10 என்பது வழக்கம்.

அலைவரிசை எல்லோருக்கும் பொது. வட அமெரிக்கா முழுவதும் 144.390 மெகாஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸிலும், நொடிக்கு 1200 பிட் என்ற மெதுவான வேகத்திலேயே அத்தனை பேரும் பேசியாக வேண்டும். அங்கே நகராத வீட்டு நிலையம் நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைக் கூவுவதும், கேட்டதைத் திரும்ப ஒலிபரப்பும் நிலையங்களான டிஜிபீட்டர்கள் ஏழு முறை மறு ஒலிபரப்பும்படி பாதையை நீட்டிவைப்பதும் பிறர் வாயை அடைப்பதற்குச் சமம். வீட்டு நிலையத்துக்கு அரை மணிக்கு ஒருமுறை போதும். ஓடும் வண்டிக்கு வைட்1-1, வைட்2-1 என்ற பாதையே, அதாவது இரண்டு மறு ஒலிபரப்பே, தாராளம். ஒலி அளவைக் கூட்டினால் தொலைவு கூடும் என்ற நம்பிக்கையும் தவறு. அலைவிலகல் (ஒலிக்கேற்ப அலைவெண் விலகும் அளவு) மிகுந்து, சிதைந்த பாக்கெட்டை, அதாவது ஒரு தடவை அனுப்பும் தகவல் தொகுதியை, எந்த நிலையத்தாலும் பிரித்துப் படிக்க முடியாமல் போகும்.

ஐகேட் நடத்துபவரின் பொறுப்பு இதைவிடக் கூடுதலானது, ஏனெனில் அவர் பிறருடைய பாக்கெட்டுகளைக் கையாளுகிறார். வானலையில் வந்த தகவல் பகுதியை ஓர் எழுத்தும் மாற்றாமல் இணையத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவிலுள்ள வெற்றிடத்தைத் தேவையற்றது என்று மென்பொருள் நறுக்கிவிட்டால்கூடப் போதும், வேறொரு ஐகேட் வழியாக வந்த அதே பாக்கெட்டை ஏபிஆர்எஸ்ஸின் இணையச் சேவையகம் புதியதாகக் கருதி இரண்டையும் பரப்பிவிடும். தாமதம் அதைவிட மோசமானது. தேங்கி நின்று ஒரு நிமிடம் கழித்துப் போய்ச் சேரும் பாக்கெட், முன்னே போய்விட்ட வண்டியை வரைபடத்தில் பின்னோக்கி இழுத்துக் காட்டும். பாதையில் நோகேட் அல்லது ஆர்எஃப்ஒன்லி என்று குறித்திருப்பதை இணையத்துக்கு அனுப்பக் கூடாது என்பதும் அனுப்பியவர் சொன்ன சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பதே.

எதிர்த்திசையில் இணையத்தில் வருவதையெல்லாம் வானலையில் கொட்டுவது சில நிமிடங்களிலேயே அலைவரிசையை முடக்கிவிடும். யாருக்குச் செய்தி வந்திருக்கிறதோ, அவருடைய நிலையம் சற்று முன்பு நம் செவியெல்லையில் கேட்டிருந்தால் மட்டுமே அந்தச் செய்தியை ஒலிபரப்ப வேண்டும். அதற்காகக் கேட்பதோடு நின்றுவிடும் ஐகேட்டே பாதுகாப்பானது என்று முடிவுசெய்வதும் சரியன்று. மலைச்சரிவிலுள்ள ஒருவரை அந்த ஒரு நிலையம் மட்டுமே கேட்கிறது என்றால், அவருடைய இருப்பிடம் உலகுக்குத் தெரியும், ஆனால் அவருக்கு வரும் பதில் வாசலிலேயே நின்றுவிடும்.

சேவையகம் கேட்கும் கடவு எண்ணைப் பெற்றதும் அனுமதி கிடைத்துவிட்டதாகச் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது அழைப்புக்குறியிலிருந்து கணக்கிடப்படும் எளிய எண், அவ்வளவே. ஒலிபரப்பும் உரிமையை அவரவர் நாட்டு உரிமம் மட்டுமே தருகிறது.