மேசை துடைக்கிற பையனுக்கும் மனசு ஓடும்: வேற்று ஆளைக் கதையில் எழுதும்போது

வேறு பண்பாட்டு ஆளை எழுத ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. மதுரையில் கதை எழுதுகிறவருக்கு அந்த ஆள் மாட்டுத்தாவணி ஓட்டலிலேயே மேசை துடைத்துக்கொண்டிருக்கிறான்.

அதிகம் சொதப்புவதும் அவனிடம்தான். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு ‘வடக்கன்’ என்று முத்திரை குத்தி, வீட்டுக்குப் போன் போட்டால்கூட இந்தி பேசவைத்து, சப்பாத்திக்கு ஏங்கவிடுகிறார்கள். அவன் தாய்மொழி ஒடியா. ஊர், சோற்று ஊர். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்து, கீரையோ பொரித்த மீனோ தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். பகாளா என்று பேர். நம்ம பழைய சோறேதான்! ஏங்குவதென்றால் அதற்கு ஏங்கட்டும்.

அவன் பேசும் தமிழ் தட்டுத்தடுமாறலாம், தப்பில்லை. மனசுக்குள் ஓடுவதையும் அதே உடைந்த தமிழில் எழுதுவதுதான் பெரிய பிழை. அவன் நினைப்பது ஒடியாவில்; அங்கே நக்கலும் கோபமும் அவனுக்குச் சரளமாக வரும். “சரிண்ணா, சாம்பார் வருது” என்று வாயால் சொல்கிறவன், ‘இந்த ஆளு நேத்தும் மூணு வாளி சாம்பார் குடிச்சுட்டு டிப்ஸ் வைக்காமப் போனாரு’ என்று உள்ளுக்குள் கணக்குப் போடட்டும்.

திருமலை நாயக்கர் மஹால் பக்கத்துச் சௌராஷ்டிரர் கதை நேர் எதிர். நாயக்கர் காலத்திலிருந்து இங்கேயே இருப்பவர்களை நேற்று ரயிலிறங்கியவர்கள் மாதிரி எழுதுகிறார்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் அசல் மதுரைப் பேச்சு. அந்த வாயில் சினிமா சேட்டின் ‘நம்பள்கி, நிம்பள்கி’யைத் திணிப்பது கொடுமை. தமிழ் உச்சரிப்புக்கே பேர்போன டி.எம்.சௌந்தரராஜன் பிறந்தது அந்தச் சமூகத்தில்தான். அவர்கள் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அதற்காகக் கதையில் வரும் எல்லாப் பாட்டியும் முடிச்சுப் போட வேண்டுமா? ஒரு பாட்டியாவது சீரியல் பார்க்கட்டுமே.

பாய் வந்தால் பிரியாணி கொடுப்பார், கடைசியில் நண்பனுக்காக உயிரையும் கொடுப்பார். வில்லனாக்குவதற்கு இது மேல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சீட்டுப் பணத்தை இழுத்தடிக்கட்டும், மச்சானோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கட்டும். ராவுத்தர் வீடென்றால் பிள்ளைகள் ‘அத்தா’ என்பார்கள். காயல்பட்டினத்து ‘வாப்பா’வைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

எழுதி முடித்ததும் அந்த வீட்டு ஆள் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். “எல்லாம் சரியா இருக்கா?” என்றால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று கேளுங்கள். அவர் ஒருவர் ஒத்துக்கொண்டதை வைத்து, சமூகமே ஒத்துக்கொண்டதாக முன்னுரையில் போட்டுவிடாதீர்கள்.